புதுப்பிப்பு: கியர் சைக்கிளை விட்டு ஸ்டீல் சைக்கிளுக்கு மாறிய கதை

மணிக்கட்டு வலியால் கியர் சைக்கிளை விற்றுவிட்டு, தாத்தா காலத்து மாதிரி கறுப்பு ஸ்டீல் சைக்கிள் வாங்கப்போவதாக மூன்று மாதம் முன்பு எழுதியிருந்தேன். 'வண்டி ரொம்பக் கனம், பிரேக் பிடிக்காது' என்று பலர் எச்சரித்தீர்கள். வாங்கிவிட்டேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லைநகருக்குத் தினமும் அதில்தான்.

வலி போய்விட்டது. ஹேண்டில்பார் நம் பக்கம் வளைந்து வருவதால் நிமிர்ந்து உட்காரலாம். எடை கையில் இறங்காமல் சீட்டில் இறங்குகிறது. சீட்டின் அடியில் இரண்டு சுருள் ஸ்பிரிங். 28 அங்குலச் சக்கரம் என்பதால் சின்னச் சின்னக் குழியெல்லாம் தெரிவதே இல்லை. முழு செயின் கவர் இருப்பதால் பேன்ட்டில் கிரீஸ் படுவதில்லை.

சரி, குறைக்கு வருவோம். கனம் பழகிவிட்டது, பாலத்து ஏற்றத்தில் மட்டும் எழுந்து நின்று மிதிக்கிறேன். ஆனால் பிரேக் விஷயத்தில் நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இதில் கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்; அதன் கட்டை ரிம்மின் உள்பக்கத்தை அழுத்துகிறது. மழையில் குரோம் ரிம் நனைந்தால் வழுக்கிக்கொண்டே போகிறது. ஒருமுறை சிக்னலில் ஆட்டோவின் பின்பக்கத்தை முத்தமிடப் பார்த்தேன். இப்போது மழை என்றால் முன்கூட்டியே லேசாகப் பிடித்து ரிம்மைத் துடைத்துக்கொள்கிறேன்.

அப்புறம், ஆடிக் காற்று. காவிரிப் பாலத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தால் நாமே பாய்மரம்தான். அன்றைக்கெல்லாம் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புகிறேன்.

பஞ்சர் கடைக்காரர் மட்டும் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் தட்டிப் பார்த்து, "குடுக்குறதுன்னா சொல்லுங்க தம்பி" என்கிறார்.