சுவிட்ச் பெட்டிக்குள் கம்பிகள் அடங்கவில்லை, உதவி தேவை

புதுமனை: வணக்கம். வரவேற்பறையின் பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு ஸ்மார்ட் சுவிட்ச் ஒன்றைப் பொருத்த முயன்றேன். பெட்டிக்குள் மூன்று கேபிள்கள் வருகின்றன. எப்படி மடித்துத் தள்ளினாலும் சுவிட்ச் சுவரோடு படியாமல் அரை அங்குலம் துருத்தி நிற்கிறது. ஒரு பெட்டியில் எத்தனை கம்பிகள் இருக்கலாம் என்று எப்படிக் கணக்கிடுவது? நாளை விருந்தினர் வருகிறார்கள்.

மதுரைக்காரன்: எந்த நாடு என்று சொல்லவில்லையே. இங்கே பிவிசி குழாய்க்குள் தனித்தனி வயராக இழுப்பதுதான் வழக்கம் என்பதால், கேபிள் என்று நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அமெரிக்கா என்று ஊகிக்கிறேன்.

பழைய ஃபோர்மேன்: இதே கேள்விக்குப் பலமுறை விடை எழுதிவிட்டேன்; தேடிப் படிக்கும் பொறுமைதான் யாருக்கும் இல்லை. பெட்டியின் கொள்ளளவையும் கம்பியின் கேஜையும் (தடிமன் எண்; எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும்) சொல்லாமல் கணக்குக் கேட்பது, அரிசியின் அளவைச் சொல்லாமல் உலைநீர் எவ்வளவு வைப்பது என்று கேட்பதைப் போன்றது.

புதுமனை: மன்னிக்கவும். நியூ ஜெர்சி. நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டி, ஒரு சுவிட்சுக்கு உரியது. உள்ளே 18 என்று பொறித்திருக்கிறது. பிரேக்கர் 15 ஆம்பியர்.

கன அங்குலம்: அந்த 18 என்பது கன அங்குலம். அமெரிக்க மின் விதித்தொகுப்பின் 314.16 ஆம் பிரிவின்படி, வெளியிலிருந்து பெட்டிக்குள் வரும் ஒவ்வொரு கம்பிக்கும் 14 கேஜாக இருந்தால் 2 கன அங்குலமும், 12 கேஜாக இருந்தால் 2.25 கன அங்குலமும் ஒதுக்க வேண்டும். எர்த் கம்பிகள் நான்கு வரை இருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒன்றுதான்; சுவிட்ச் ஒன்றுக்கு இரண்டு கம்பிகளின் இடம். உங்கள் மூன்று கேபிள்களிலும் எர்த் தவிர இரண்டிரண்டு கம்பிகள் என்று வைத்துக்கொண்டால், ஆறும் ஒன்றும் இரண்டும் சேர்ந்து ஒன்பது. 14 கேஜ் என்றால் மிகச்சரியாக 18. 12 கேஜ் என்றால் 20.25, அதாவது விதிமீறல். ஆகவே கேஜ் தெரியாமல் விடை இல்லை.

சுருக்குவழி: பிரேக்கர் 15 என்றால் கம்பி 14 கேஜ்தான், ஐயமே வேண்டாம். கம்பி முனைகளைச் சேர்க்கும் முறுக்கு மூடிகளை எடுத்துவிட்டு நெம்புகோல் இணைப்பிகளைப் போட்டால் கணக்கும் குறையும்.

பழைய ஃபோர்மேன்: இரண்டும் தவறு. 15 ஆம்பியர் பிரேக்கரில் 12 கேஜ் தாராளமாக இருக்கலாம். 20 ஆம்பியர் பிரேக்கரில் 14 கேஜ் இருப்பதுதான் ஆபத்து. இணைப்பி எந்த வகையானாலும் கணக்கில் சேராது, பெட்டிக்குள்ளேயே தொடங்கி முடியும் குட்டைக் கம்பியும் சேராது. அடிப்படை தெரியாதவர்கள் அறிவுரை சொல்லாமல் இருப்பது நல்லது.

சுருக்குவழி: கணக்கில் சேராவிட்டாலும் கைக்கு இடம் கிடைக்கிறது என்பதை என் வீட்டில் கண்டேன். எல்லாவற்றையும் விதிப்புத்தகத்தால் அளக்க முடியாது.

கன அங்குலம்: அதில் ஓர் உண்மை உண்டு. ஸ்மார்ட் சுவிட்சின் உடல் சாதாரணச் சுவிட்சைவிட ஆழமானது. ஆனால் கணக்கு இரண்டுக்கும் ஒரே இடத்தைத்தான் ஒதுக்குகிறது என்பதால், 18 சரியாக வந்தாலும் திணிக்க வேண்டியிருக்கும். புதுமனை, கேபிளின் மேலுறை என்ன நிறம்? வெள்ளை 14, மஞ்சள் 12. ஆனால் இந்த நிறப்பிரிவு 2001 வாக்கில்தான் வந்தது என்பதால், வீடு அதற்கு முந்தியதானால் உறைமேல் உள்ள அச்சைப் படியுங்கள்.

மதுரைக்காரன்: முதலில் பிரேக்கரை அணைத்துவிட்டு.

புதுமனை: மஞ்சள், 12/2 (12 கேஜில் எர்த் தவிர இரண்டு கம்பிகள்) என்றே அச்சிட்டிருக்கிறது. பெட்டியை வெட்டியெடுத்து இரட்டைப் பெட்டி வைத்து, மறுபாதியை வெற்று மூடியால் மூடிவிட்டேன். நன்றி.

பழைய ஃபோர்மேன்: புதிய பெட்டியில் பொறித்திருக்கும் எண் என்ன? உள்ளே கேபிள் கவ்வி இருந்தால் அதற்கும் ஒரு 2.25 சேர்க்க வேண்டும்.

கன அங்குலம்: அவர் விருந்தினரைக் கவனிக்கப் போயிருப்பார். இரட்டைப் பெட்டியில் 22.5 தாராளமாக அடங்கும்.