கோட்டாறு கடையில் பேரீச்சம்பழம் பறிமுதல்: நேரில் பார்த்தது

நோன்பு தொடங்கும் சமயம், நாகர்கோவில் கோட்டாறில் ஒரு மொத்தக் கடையில் நின்றுகொண்டிருந்தேன். உணவுப் பாதுகாப்பு அலுவலர் வந்து பின்கட்டில் கிடந்த சாக்குகளை அவிழ்க்கச் சொன்னார். பழத்தைப் பிளந்தால் வண்டு, கொட்டையைச் சுற்றிக் கறுப்புப் பொடி. "வெயில்ல போட்டு உதறினா சரியாயிரும் சார்" என்றார் கடைக்காரர். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. இதைத்தானே கால் கிலோ, அரைக் கிலோவாக வாங்கிப் பிள்ளைகளுக்கு நோன்பு திறக்கக் கொடுப்போம்!

உடனே அள்ளிக்கொண்டு போகவில்லை. முதலில் நோட்டீஸ். பிறகு மாதிரியை நான்கு பங்காக்கி, ஒவ்வொன்றையும் கட்டி முத்திரை வைத்து, கடைக்காரரின் கையெழுத்தை வாங்கினார்கள். ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு பங்கு மாவட்ட நியமன அலுவலரிடம் (மாவட்டத்தில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரி) இருக்கும். நான்காவதை, கடைக்காரர் கேட்டால், அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்புவார்களாம். மாதிரிக்கு விற்பனை விலையைக் கொடுத்ததையும் பார்த்தேன். மீதிச் சாக்குகளை விற்கமாட்டேன் என்று எழுதி வாங்கி, அங்கேயே சீல் வைத்தார்கள். பகுப்பாய்வாளர் அறிக்கைக்கு 14 நாள் கெடு. இவ்வளவு முறையாகச் செய்தால்தான் வழக்கு நிற்கும். கடைக்காரருக்கும் அதுதான் நியாயம்.

மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் பதில்:
கேக் போட வாங்கின அத்திப்பழத்தில் பச்சைப் பூசணம் இருந்தது. கழுவிப் போடுங்க, ஓவன் சூட்டுல எல்லாம் போயிரும்னு கடையில சொன்னாங்க. போகாது, கேட்டியளா. பூசணம் விட்ட அஃப்ளடாக்சின் அந்தச் சூட்டுக்கு முழுசா அழியாது. கல்லீரலைக் கெடுக்கிற விஷம் அது. நம்ம குமரி மாவட்டத்துல ஆனி, ஆடியிலயும் மழை, ஐப்பசியிலயும் மழை. திறந்த சாக்குல வச்சா ஈரம் ஏறத்தான் செய்யும். நாம வாங்குறதை நாமளே சோதிக்கக் கொடுக்க முடியுமா?

முதல் பதிவிட்டவர்:
முடியும். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006, பிரிவு 40. சோதனைக்குக் கொடுக்கப் போவதை வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். கட்டணம் நாம் கட்ட வேண்டும். சட்டத்தை மீறிய சரக்கு என்று அறிக்கை வந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். வீட்டுக்கு வந்த பிறகு பூசணம் தெரிந்தால் நியமன அலுவலரிடம் புகார் கொடுங்கள். அதுவரை பில்லையும் பாக்கெட்டையும் தூரப் போடாதீர்கள். எந்த லாட், யார் பொதிந்தது என்பதெல்லாம் பாக்கெட்டில்தான் இருக்கிறது.