ஹாக்கிப் பிள்ளைகளை லாக்ராஸுக்கு மாத்தறது: 10 பேர் ஆட்டமா, சிக்ஸஸா?

கோபி பி.டி. டீச்சர்:
வணக்கமுங்க. ஹாக்கியும் ஹேண்ட்பாலும் ஆடற 14 பொண்ணுங்க இருக்கறாங்க. லாக்ராஸ்ல, அதாவது நுனியில வலைப்பை வெச்ச ஸ்டிக்கால பந்தைப் புடிச்சு எறியற ஆட்டத்துல, தேசிய அணித் தேர்வு வரைக்கும் கொண்டு போகலாமான்னு ஒரு யோசனை. உலகப் போட்டியில 10 பேர் ஆட்டம், 2028 ஒலிம்பிக்ஸ்ல சிக்ஸஸ்ங்கற ஆறு பேர் ஆட்டம்ங்கறாங்க. எதுல ஆரம்பிக்கறது? இருக்கறது ஒரு ஹாக்கி கிரவுண்டு மட்டுந்தானுங்க.

நொய்யல்கரை:
சிக்ஸஸ்ல ஆரம்பிங்க டீச்சர். முதல் காரணம் இடம். 10 பேர் ஆட்டத்துக்கு 110 மீட்டர் நீளம், 60 மீட்டர் அகலம் வேணும். ஹாக்கி கிரவுண்டு 91.4க்கு 55, அதுல அடங்காது. சிக்ஸஸுக்கு 70க்கு 36 போதும், ஓரத்துல ஆள் மாத்தவும் இடம் மிஞ்சும். 105க்கு 68 கால்பந்து மைதானம் கெடைச்சா, குறுக்கால ரெண்டு களம் போட்டுக்கலாம்னு மட்டும் கணக்குப் போட்ராதீங்க. நீளத்துக்கு ரெண்டு மீட்டர் இடிக்கும்.

கோடு போடறப்ப ரெண்டு மூலைவிட்டமும் 78.7 மீட்டர் வருதான்னு கயிறு புடிச்சுப் பாத்துட்டு அப்புறம் சுண்ணாம்பு போடுங்க. கோலை வடக்கு தெற்கா வைங்க. இல்லைன்னா சாயங்காலம் ஒரு கோலிக்கு மட்டும் வெயில் கண்ணுல அடிக்கும். ஆடி மாசத்துல மேகாத்தும் ஒரே பக்கத்துக்குச் சாதகமா போயிரும்.

ஆட்டம் எட்டு நிமிசமா நாலு குவார்ட்டர். கோலியோட சேத்து ஆறு பேரு, அணிக்கு 12 பேரு. பந்து கைக்கு வந்தா 30 நொடிக்குள்ள ஷாட் அடிக்கணும். கோலி போக மீதி அஞ்சு பேரும் தாக்கவும் தடுக்கவும் ஓடணும். அதுக்கு ஹேண்ட்பால் பிள்ளைங்கதான் சரியான ஆளுங்க.

பவானி கூடுதுறை:
ஸ்டிக் வாங்கறப்ப பொம்பளைங்க ஆட்டத்துக்குன்னே வர்றதைக் கேட்டு வாங்குங்க. நீளம் 90லருந்து 110 சென்டிமீட்டர். ஆம்பளைங்க ஸ்டிக்ல பை ஆழமா இருக்கும், இங்க செல்லாது. ஸ்டிக்கைப் படுக்கை வசமா கண்ணு மட்டத்துல புடிச்சு, பந்தை உள்ள போட்டு, கையால அழுத்தி விட்டுப் பாருங்க. பந்தோட மேல் நுனி பக்கச் சுவருக்கு மேல தெரியணும். தெரியலைன்னா நடுவர் அந்த ஸ்டிக்கை ஆட்டத்துல விடமாட்டாங்க. புதுசுல சரியா இருந்த பையும் ஆட ஆட இறங்கும், நனைஞ்சா இன்னும் இறங்கும். அதனால ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாடியும் பாத்து, கயிறை இழுத்துக் கட்டோணும். எறியற பந்து திடீர்னு தரையைப் பாத்துக் குத்த ஆரம்பிச்சாலும் முதல்ல பையைத்தான் சந்தேகப்படோணும், பிள்ளையை அல்ல.

ஹாக்கிப் பழக்கத்துல ஒண்ணு நல்லது: குனிஞ்சு தரைப்பந்து எடுக்கறது சீக்கிரம் வந்துரும். கெட்டது, ஒரே பக்கமா ஆடறது. முதல் நாள்லருந்தே செவுத்துல பந்தடிக்க விடுங்க, வலக்கை மேல வெச்சு 50, இடக்கை மேல வெச்சு 50. மேல்கையால தள்ளினா பந்து தொங்கிப் போகும். கீழ்க்கையை இடுப்புப் பக்கம் வெடுக்குனு இழுத்தாத்தான் வேகம் வரும்.

கோபி பி.டி. டீச்சர்:
ரொம்ப நன்றிங்க. ஹேண்ட்பால் கோலையே வெச்சு ஓட்டலாங்களா?

நொய்யல்கரை:
வேண்டாமுங்க. அது 3 மீட்டருக்கு 2 மீட்டர். இதுக்கு உள்ளளவு 1.83க்கு 1.83, சரியா ஆறடிச் சதுரம். வெல்டிங் பட்டறையில பைப்புல அடிச்சுக்கலாம். அடிச்சட்டம் முக்கோணமா பின்னால ஏழடி போகணும். ஹேண்ட்பால் வலையும் ஆகாது. பந்து குறுக்களவு 6.3 சென்டிமீட்டர்தான், அந்தக் கண்ணுல புகுந்து ஓடிரும். நாலு சென்டிமீட்டருக்குக் கம்மியான கண்ணா கட்டுங்க.

கோல் எல்லைக்கோட்டுல நிக்காது, களத்துக்கு உள்ள தள்ளி நிக்கும். அதுக்குப் பின்னாலயும் ஆட்டம் உண்டு. ஹாக்கி, ஹேண்ட்பால் பிள்ளைங்க கோல் வாங்கறது இங்கதான். பின்னால பந்து வெச்சிருக்கறவளையே பாத்துட்டு, முன்னால வெட்டி ஓடறவளை விட்ருவாங்க. தடுக்கறவ தலையைத் திருப்பித் திருப்பி ரெண்டு பேரையும் பாக்கப் பழகணும்.

பவானி கூடுதுறை:
பாதுகாப்பையும் சொல்லிர்றேன். 145 கிராம் கெட்டி ரப்பர் பந்து. வாய்க்காப்பு எல்லாருக்கும் கட்டாயம். பழகற பிள்ளைங்களுக்குக் கம்பி வெச்ச கண் காப்பும் போட்டு விடுங்க. கோலிக்கு ஹெல்மெட், தொண்டைக்காப்பு, நெஞ்சுக்காப்பு மூணும் இல்லாம ஒரு ஷாட் கூட அடிக்க விடாதீங்க. கிரிக்கெட் ஹெல்மெட் இதுக்கு ஈடாகாது.

மலையோரம்:
ரெண்டு பேரும் டிராவை, அதான் ஆட்டத்தைத் தொடங்கி வெக்கற முறையை, விட்டுட்டீங்க. ரெண்டு ஸ்டிக்கும் முதுகோட முதுகா, நடுவுல பந்து. விசில் அடிச்சதும் மேல இழுத்து எறியணும், பந்து ரெண்டு பேர் தலைக்கும் மேல போகணும். சிக்ஸஸ்ல குவார்ட்டர் தொடக்கத்துல மட்டுந்தான் இது. கோல் விழுந்தா கோலியே பந்தை எடுத்து ஆட்டத்தை ஓட்டிருவாங்க. கோல் அடிச்ச சந்தோசத்துல ஒட்டுக்கா கட்டிப் புடிச்சுட்டு நின்னா அக்கட்டால கோல் விழுந்துரும்.

10 பேர் ஆட்டத்துல ஒவ்வொரு கோலுக்கும் திரும்ப டிரா. அதுல கெட்டியான ஒருத்தி இருந்தா எதிரணிக்குப் பந்தே கெடைக்காது. 2026 உலகப் போட்டி, டோக்கியோவுல நடக்கறது, இந்தப் பெரிய ஆட்டந்தான். ஆட்டமே வேறங்கறதுக்கு 2022 நல்ல சான்று. அந்த வருசம் உலகப் போட்டி இறுதியில அமெரிக்கா 11-8ன்னு கனடாவை ஜெயிச்சது. அதே வருசம் அமெரிக்காவுல இருக்கற பர்மிங்காம்ல நடந்த உலக விளையாட்டுல சிக்ஸஸ் தங்கம் கனடாவுக்கு. அதனால சிக்ஸஸ்ல பழக்கினாலும், உயரமான ரெண்டு பிள்ளைங்களை வாரத்துல ஒரு நாள் தனியா டிராவுக்கு நிறுத்துங்க டீச்சர்.