லாரியில் போகும் அண்ணனுக்கு மாத்திரை ஞாபகப்படுத்த மெசேஜ் அனுப்பலாமா?

நாமக்கல் தங்கை:
அண்ணன் லாரி ஓட்டுகிறார். நாக்பூர், இந்தூர் என்று லோடு ஏற்றினால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். எச்.ஐ.வி.க்கான ஏ.ஆர்.டி. மாத்திரை ராத்திரி ஒன்றுதான். வீட்டில் இருந்தால் அண்ணி பார்த்துக்கொள்வார். வண்டியில் போனால் விட்டுப்போகிறது. போன தடவை வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் வைரஸின் அளவு, ஏறியிருந்தது. தினமும் ஒன்பது மணிக்கு "மாத்திரை போட்டாச்சுங்களாண்ணா" என்று மெசேஜ் போடலாம் என்றிருக்கிறேன். ஆனால் பாட்டு மாற்ற, மேப் பார்க்க என்று போன் பாதி நேரம் கிளீனர் பையன் கையில்தான் இருக்கும். அவனுக்குத் தெரிந்தால் புக்கிங் ஆபீஸ் வரை போய்விடும். என்ன செய்யலாம்?

ஈரோட்டுக்காரன்:
அம்மணி, 2004-ல் தாம்பரத்தில் அரசு இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்த காலத்திலிருந்து நானும் இந்த மருந்து சாப்பிடுகிறவன்தான். மெசேஜ் போடுங்கள். தினமும் வேண்டாம், மாத்திரை என்ற பேச்சும் அதில் வேண்டாம்.

கென்யாவில் 538 பேரை வைத்துப் பார்த்தார்கள். 2010-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஒரு பிரிவினருக்கு வாரம் ஒருமுறை கிளினிக்கிலிருந்து "மாம்போ?" என்று மட்டும் மெசேஜ் போகும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பது, அவ்வளவுதான். நன்றாக இருந்தால் "சாவா", சிக்கல் என்றால் "ஷிடா" என்று 48 மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும். ஷிடா என்று வந்தாலும், பதிலே வராவிட்டாலும் நர்ஸ் கூப்பிட்டுப் பேசுவார். ஒரு வருஷத்தில் வைரஸ் அடங்கியவர்கள் அந்தப் பிரிவில் 57 சதவீதம், மற்றதில் 48. அதே நாட்டில் வேறொரு ஆய்வில் வாராந்தர மெசேஜ் பலன் தந்தது, தினசரி மெசேஜ் தரவில்லை. தினம் அடிக்கிற மணி காதுக்குப் பழகிவிடும் என்பது என் எண்ணம்.

இன்னொன்று. ராத்திரி ஒன்பதுக்கு அவர் ஸ்டியரிங்கில் இருப்பார். காலையில் டீக்கு நிறுத்துகிற நேரத்துக்கு மாற்றலாமா என்று ஏ.ஆர்.டி. மையத்தில் கேளுங்கள். எனக்கு அதுதான் முதல் வேலையாகப் படுகிறது.

கவுன்சலர் அக்கா:
ஈரோட்டு அண்ணன் சொல்வது சரி. தென்னிந்தியாவிலும் 631 பேருக்கு வாராவாரம் தானியங்கி போன் காலும் பட மெசேஜும் அனுப்பிப் பார்த்தார்கள், 2014-ல் வெளிவந்தது. பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. கென்யாவில் நர்ஸே கூப்பிட்டுப் பேசினார், மெஷின் குரலிடம் யார் மனசைத் திறப்பார்கள்?

அண்ணன் நெஞ்செரிச்சலுக்கு ஜெல் குடிக்கிறாரா என்று கேளுங்கள், டிரைவர்கள் நிறையப் பேர் குடிப்பார்கள். அவருடைய ஏ.ஆர்.டி. மாத்திரை டோலுடெக்ராவிர் என்ற மருந்து உள்ளது என்றால் அந்த ஜெல்லுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போட வேண்டும். ஜெல் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் கழித்து. இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. சந்தேகம் வந்தால் எய்ட்ஸ் உதவி எண் 1097-க்குக் கூப்பிடலாம், இலவசம்.

நாமக்கல் தங்கை:
ஜெல் பாட்டில் டேஷ்போர்டிலேயே இருக்கிறது அக்கா! இன்றைக்கே சொல்கிறேன். அண்ணனிடம் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை "வண்டி எங்க நிக்குதுங்ண்ணா" என்று கேட்பேன். எல்லாம் ஒழுங்கு என்றால் ஊர்ப் பேர் மட்டும், விட்டுப்போயிருந்தால் "அப்புறம் பேசறேன்".

ஈரோட்டுக்காரன்:
நல்லது அம்மணி. "அப்புறம் பேசறேன்" என்று வந்தால் ஏன் போடலை என்று ஆரம்பிக்காதீர்கள். சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்கள், மீதியை அவரே சொல்வார்.