செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறைத் தயாரிக்கும் நொதியான ஏடிபி சின்தேஸ் உங்களுக்கு எப்போது புரிந்தது?

ஆய்வகப்பூனை:
எனக்குப் புரிந்தது ஒரு சொதப்பலில். முதுகலை படித்தபோது எலி ஈரலிலிருந்து மைட்டோகாண்ட்ரியாவை (செல்லுக்குள் ஏடிபி தயாராகும் நுண்ணுறுப்பு) பிரித்து, அது ஆக்சிஜனை எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்று அளப்பேன். சின்ன கண்ணாடி அறை, அடியில் மின்முனை, உள்ளே சுற்றும் காந்தக் குச்சி. மைட்டோகாண்ட்ரியாவும் அதற்குத் தீனியாகச் சக்சினேட்டும் போட்டால் திரையில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கோடு மெதுவாக இறங்கும். ஏடிபி செய்யத் தேவையான மூலப்பொருள் அடினோசின் டைபாஸ்பேட்; அதை விட்டதும் செங்குத்தாகச் சரியும். அது முழுக்க ஏடிபியாக மாறியதும் பழைய சாய்வுக்கே திரும்பிவிடும். (டைபாஸ்பேட்டின் சுருக்கமும் தமிழில் ஏடிபி என்றுதான் வருகிறது, அதனால் முழுசாகவே சொல்கிறேன்.)

ஒருநாள் கோடு வளையவே இல்லை. டைபாஸ்பேட்டை இரண்டு முறை விட்டும் அசையவில்லை. காலையிலிருந்து ஐஸில் கைவிறைக்கச் செய்த வேலை, எல்லாம் செத்துவிட்டது என்று கொட்டப் போனேன். சீனியர் அக்கா, "இரு, கொஞ்சம் டைநைட்ரோபீனால் விட்டுப் பார்" என்றார். விட்டதும் கோடு தலைகுப்புற விழுந்தது. "செத்தது இப்படியா மூச்சு வாங்கும்?"

காரணம் என் கழுவல். முந்தைய சோதனையில், ஏடிபி சின்தேஸை அடைக்கும் ஆலிகோமைசின் போட்டிருந்தேன். அது தண்ணீரில் போகாது, அறையின் ஓரங்களில் ஒட்டிக்கொள்ளும். எத்தனாலில் பலமுறை அலச வேண்டும். நான் தண்ணீரில் மட்டும் அலசியிருந்தேன்.

அன்றுதான் உறைத்தது. ஏடிபி சின்தேஸ் ஆக்சிஜனைத் தொடுவதே இல்லை. பிறகு ஏன் அதை அடைத்தால் மூச்சு நிற்கிறது? ஆக்சிஜனைச் செலவழிக்கும் சுவாசச் சங்கிலி, புரோட்டான்களை மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு வெளியே தள்ளுகிறது. அவை திரும்பி வரும் முக்கிய வழி இந்த நொதிதான். வழியை ஆலிகோமைசின் அடைத்தால் வெளியே நெரிசல் ஏறும், சங்கிலியால் மேலும் தள்ள முடியாது, ஆக்சிஜன் செலவும் சுருங்கிவிடும். டைநைட்ரோபீனால் புரோட்டான்களைப் பின்வாசல் வழியாக உள்ளே கூட்டி வந்துவிடும். மூச்சு ஓடும், ஆனால் ஏடிபி கிடைக்காது; அத்தனையும் வெறும் சூடு. 1930-களில் இதையே உடல் இளைக்கும் மருந்தாக விற்றார்கள். உடல் கொதித்துச் செத்தவர்கள் உண்டு.

சாக்பீஸ்:
நான் பாடம் எடுப்பவன். புரோட்டான் ஓட்டத்தில் இந்த நொதி நீர்ச்சக்கரம் மாதிரி சுழலும் என்று பல வருடம் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி கேட்டாள்: "சுழல்வது சரி சார், சுழன்றால் டைபாஸ்பேட்டோடு இன்னொரு பாஸ்பேட் எப்படி ஒட்டும்?" முழித்தேன்.

அப்புறம் உட்கார்ந்து படித்தபோது தெரிந்தது, நான் நினைத்தது தலைகீழ். நொதியின் குழிக்குள் ஒட்டுவது பெரிய பாடில்லை. ஆன ஏடிபியை அந்தக் குழி விடாமல் பிடித்துக்கொள்கிறது. அதை விடுவிக்கத்தான் சுழற்சியின் பலம் முக்கியமாகப் போகிறது. அமெரிக்க உயிர்வேதியியலாளர் பால் போயர் சொன்னது இது. மூன்று குழிகள்: ஒன்று காலி, ஒன்று தளர்பிடி, ஒன்று இறுக்கப்பிடி. நடுத்தண்டு 120 பாகை திரும்பும்போதெல்லாம் ஒவ்வொன்றும் அடுத்த நிலைக்கு மாறும். பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜான் வாக்கர் குழு 1994-இல் நொதியின் இந்தப் பகுதியின் படிக அமைப்பை வெளியிட்டபோது மூன்றும் மூன்று விதமாகவே இருந்தன. 1997-இல் இருவருக்கும் வேதியியல் நோபல்.

இப்போது மூன்று பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுக்கிறேன். நடுவில் ஒருவன் முழங்கையை நீட்டிச் சுற்றுவான். இடிபட்டவர் கீழே போட வேண்டும். வகுப்பு ரெண்டாகும், பரவாயில்லை.

இரவுப்பறவை:
எனக்கு அந்த ஜப்பானியக் காணொளிதான். 1997-இல் நொஜியும் குழுவும் நொதியின் தலைப்பகுதியை (அந்த மூன்று குழிகளும் இருக்கும் பகுதி) கண்ணாடியில் ஒட்டவைத்து, தண்டில் ஒளிரும் ஆக்டின் என்ற புரத இழையைக் கட்டிவிட்டார்கள். தலைப்பகுதி சுமார் 10 நானோமீட்டர், இழையோ அதைப்போல நூறு மடங்குக்கும் நீளம். எறும்பு மூங்கில் கழியைச் சுழற்றுகிற மாதிரி. மங்கலான ஒரு கோடு, கருப்புத் திரை, இடஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ராத்திரி பத்து தடவையாவது பார்த்திருப்பேன்.

சாக்பீஸ்:
அப்போ என் பையனையும் இடப்பக்கமாகச் சுற்றச் சொல்லலாமா?

ஆய்வகப்பூனை:
பொறுங்கள். காணொளியில் நொதி ஏடிபியை உடைக்கிறது, பார்ப்பதும் சவ்வு இருக்கும் பக்கத்திலிருந்து. உருவாக்கும்போது எதிர்த்திசை. ஆனால் உங்கள் வகுப்பில் தரைதான் சவ்வு, நீங்கள் மேலிருந்து பார்க்கிறீர்கள். ரெண்டு முறை திருப்பினால் மறுபடி இடஞ்சுழிதான். சுற்றட்டும்.