உடற்பரிசோதனைப் படிவத்தில் பிறப்பு எடையைக் கேட்க வேண்டுமா?

வாசுகி_செங்காங்:
எங்கள் நிறுவனத்தில் ஆண்டுதோறும் நடக்கும் உடற்பரிசோதனைக்குப் படிவம் நிரப்பினேன். அப்பாவுக்கு நீரிழிவு உண்டா, புகைப்பீர்களா, உடற்பயிற்சி உண்டா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். பிறந்தபோது எடை என்ன, மாதம் நிறைந்து பிறந்தீர்களா என்ற கேள்வி மட்டும் இல்லை. நான் குறைமாதக் குழந்தை. இரண்டு கிலோகூட இல்லை. நாற்பது வயதுக்குள் ரத்த அழுத்தம் வந்துவிட்டது.

சிறுநீரகத்தில் ரத்தத்தை வடிகட்டும் நெஃப்ரான்கள் கருவிலேயே உருவாகின்றன. ஏறத்தாழ 36ஆம் வாரத்தோடு அந்த வேலை முடிந்துவிடுகிறது. குறைமாதத்தில் பிறந்தால் வெளியே வந்த பிறகும் சில வாரங்கள் அது தொடரும், ஆனால் கருவில் நடப்பதுபோல் அல்ல. அதன்பின் ஆயுள் முழுக்கப் புதிதாக ஒன்றுகூட முளைக்காது. ஒருவரின் சிறுநீரகத்தில் இரண்டு லட்சம் இருக்கலாம், இன்னொருவருக்கு இருபது லட்சம். குறைவாக இருப்பவருக்கு ஒவ்வொன்றும் கூடுதலாக உழைத்து, தழும்பேறி, அழுத்தமும் ஏறுகிறது என்று சிறுநீரக ஆய்வாளர் பிரென்னர் 1988லேயே சொல்லிவிட்டார். படிவத்தில் ஒரு வரி சேர்ப்பதில் என்ன கஷ்டம்?

எண்கணக்கு_ராஜன்:
வரி சேர்ப்பது எளிது. அதைப் படித்துவிட்டு மருத்துவர் என்ன செய்வார் என்பதுதான் கேள்வி. நார்வேயில் 1967 முதல் 2004 வரை பிறந்த சுமார் 22 லட்சம் பேரை ஆராய்ந்தார்கள். எடை குறைந்து பிறந்தவர்களுக்குச் சிறுநீரகச் செயலிழப்பு அபாயம் 1.7 மடங்கு என்று முடிவு. எல்லாரும் இந்த 1.7ஐப் பிடித்துக்கொள்கிறார்கள். அந்த 22 லட்சத்தில் செயலிழப்பு வரை போனவர்கள் மொத்தமே 526 பேர். மிகச் சிறிய எண்ணை 1.7ஆல் பெருக்கினாலும் சிறிய எண்தான் வரும்.

இங்கே சிங்கப்பூரில் புதிதாகச் சிறுநீரகம் செயலிழப்பவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பேருக்கு நீரிழிவுதான் காரணம். 2016இல் அரசாங்கம் போர் தொடுத்தது நீரிழிவு மீது. பிறப்பு எடை மீது அல்ல.

தாதி_மீனா:
ராஜன் அண்ணா, அந்த நார்வே ஆய்வில் மிக மூத்தவருக்கே வயது நாற்பதைத் தொடவில்லை. ரத்தச் சுத்திகரிப்பு நிலையத்தில் நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் ஐம்பதைத் தாண்டியவர்கள். இளைஞர்களை மட்டும் எண்ணிவிட்டு நோய் அரிது என்கிறீர்கள்.

நீரிழிவையும் பிறப்பு எடையையும் எதிரெதிரே நிறுத்துவதும் சரியில்லை. ஒரே அளவு சர்க்கரை இருக்கும் இருவரில் ஒருவருக்குச் சிறுநீரில் புரதம் கசிகிறது, மற்றவருக்கு இல்லை. மரபணு, மாத்திரையை ஒழுங்காகப் போடுவது எனப் பல காரணங்கள் உண்டு. கையிருப்பில் எத்தனை நெஃப்ரான் என்பதும் அவற்றில் ஒன்று.

எண்கணக்கு_ராஜன்:
கையிருப்பு என்கிறீர்கள். அப்படியானால் சிறுநீரக தானம் செய்தவர்களை என்ன சொல்வீர்கள்? ஒரே நாளில் பாதி நெஃப்ரான்களை இழக்கிறார்கள். பெரும்பாலோர் நன்றாகத்தான் வாழ்கிறார்கள்.

இன்னொன்று. எடை குறைந்த குழந்தை எந்த வீட்டில் பிறக்கிறது? வறுமை, தாயின் புகைப்பழக்கம், தாயின் ரத்த அழுத்தம். அதே வீட்டில்தான் அந்தப் பிள்ளை வளர்கிறது. நோய் கருவில் வந்ததா, வீட்டில் வந்ததா?

வாசுகி_செங்காங்:
தானம் செய்பவர்களை நுணுக்கமாகச் சோதித்து, திடகாத்திரமானவர்களை மட்டுமே எடுக்கிறார்கள். அவர்களுக்கும் அபாயம் கொஞ்சம் கூடத்தான் செய்கிறது; அதனால்தான் அவர்களை ஆண்டுதோறும் வரச்சொல்லிப் பரிசோதிக்கிறார்கள். எங்களை யார் கூப்பிடுகிறார்கள்?

வீட்டுச் சூழல் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. சுவீடனில் 1973 முதல் 2014 வரை பிறந்த 40 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அதைத்தான் பார்த்தார்கள். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் ஏறத்தாழ இரு மடங்கு. 28 வாரத்துக்கு முன்பே பிறந்தவர்களுக்கு மூன்று மடங்கு. உடன்பிறந்தவர்களோடு ஒப்பிட்டபோது வித்தியாசம் ஓரளவு குறைந்ததே தவிர மறையவில்லை. ஒரே அம்மா, ஒரே சமையல்.

பூன்லே_பெரியவர்:
குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் கம்பத்து வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்தவன். யார் எடை பார்த்தார்கள்? இந்த வரி வந்தால் என் வயதுக்காரர்கள் கோடு போட்டுவிட்டு வர வேண்டியதுதான். இப்போதைய பிள்ளைகளுக்குச் சுகாதாரக் கையேடு இருக்கிறது, எல்லாம் பதிவாகிறது.

எனக்கு வேறு சந்தேகம். என் பேரன் இளைத்துப் பிறந்தான். வீட்டில் எல்லாரும் சேர்ந்து பாலும் மாவுமாக ஊட்டி இப்போது கொழுகொழுவென்று இருக்கிறான். நல்லதுதானே?

தாதி_மீனா:
ஐயா, இந்தத் தலைப்பில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான். உடம்பு பெருக்கிறது, நெஃப்ரான் எண்ணிக்கை பெருகுவதில்லை. சிறிதாகப் பிறந்து, பிறகு வேகமாகப் பருமனாகும் பிள்ளைகளுக்குத்தான் பிற்காலத்தில் ரத்த அழுத்தம், நீரிழிவு, சிறுநீரகச் சிக்கல் மூன்றும் கூட வாய்ப்பிருக்கிறது. அதற்காகப் பட்டினி போட்டுவிடாதீர்கள். குறைமாதக் குழந்தையின் மூளை வளர முதல் மாதங்களில் நல்ல ஊட்டம் வேண்டும். கையேட்டில் இருக்கும் வளர்ச்சிக் கோட்டில் உயரமும் எடையும் சேர்ந்து ஏறுகின்றனவா, எடை மட்டும் தாவுகிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். இனிப்புப் பானத்தை நிறுத்துங்கள். போத்தலில் சர்க்கரை அதிகம் என்று காட்டும் 'சி', 'டி' தரம் போட்டிருந்தால் அலமாரியிலேயே விட்டுவிடுங்கள்.

எண்கணக்கு_ராஜன்:
இனிப்புப் பானம் எடை கூடிப் பிறந்த பிள்ளைக்கும் ஆகாதே! அறிவுரை எல்லாருக்கும் ஒன்றுதான் என்றால் எடையைக் கேட்டு என்ன பயன்? கேட்டால் நடப்பது ஒன்றுதான். கர்ப்பத்தில் வாந்தியெடுத்துச் சாப்பிட முடியாமல் போன தாய், முப்பது ஆண்டு கழித்தும் 'என்னால்தான்' என்று அழுவாள்.

வாசுகி_செங்காங்:
என் அம்மாவிடம் நான் காரணம் கேட்கவில்லை, எடையைத்தான் கேட்டேன். பதில் வேறுபடும் இடமும் உண்டு. வழக்கமான பரிசோதனையில் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். மிச்சமிருக்கும் நெஃப்ரான்கள் கூடுதலாக உழைத்து ஈடுகட்டும் வரை அந்த எண் நல்லபடியாகவே தெரியும். சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதத்தின் கசிவு அதற்கு முன்பே காட்டிக்கொடுத்துவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆண்டுதோறும் அதைப் பார்க்கிறார்கள். எனக்கு நீரிழிவு இல்லை. அழுத்தம் வரும்வரை யாரும் பார்க்கவில்லை. இரண்டு கிலோவுக்குக் கீழே பிறந்தவருக்கு முப்பது வயதில் ஒரு சிறுநீர்ப் பரிசோதனை என்றால் செலவு எவ்வளவு ஆகிவிடும்?

எண்கணக்கு_ராஜன்:
ஒருவருக்கு அதிகமில்லை. தீவு முழுக்க என்றால் கணக்குப் போட வேண்டும். ஏற்கெனவே அழுத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் கேட்கலாம் என்றால் ஒப்புக்கொள்கிறேன். எல்லாருடைய படிவத்திலும் என்றால் இன்னமும் மாட்டேன்.

பூன்லே_பெரியவர்:
நீங்கள் கணக்குப் போடுங்கள், தம்பி. நான் மருமகளிடம் அந்தக் கையேடு எங்கே என்று கேட்டிருக்கிறேன்.