சோயா எண்ணெயில் கார்பன் டை ஆக்சைடு ஏற்றும்போது வினை 70 சதவீதத்தில் நின்றுவிடுகிறது, ஏன்?

கேள்வி (பசைவேதி): ஐசோசயனேட் இல்லாத பாலியூரித்தேன் படலம் செய்யப் பார்க்கிறேன். எபாக்சி (ஆக்சிஜன் உள்ள மூவணு வளையம்) ஏற்றிய சோயா எண்ணெய் 100 கிராம், ஆக்சிரேன் ஆக்சிஜன் (எபாக்சி வளையங்களிலுள்ள ஆக்சிஜன்) 6.8%. வினையூக்கி டெட்ராபியூட்டைல் அம்மோனியம் புரோமைடு (டிபிஏபி) 4.1 கிராம். 120 °செ, திறந்த குடுவை, குழாய் வழியே கார்பன் டை ஆக்சைடு வாயு. 40 மணி நேரத்தில் எடை 13 கிராம்தான் கூடியது. நிறம் பழுப்பு. பிறகு அதில் 100 கிராமுக்கு, இறுகவைக்கும் எத்திலீன் டைஅமீன் 10.8 கிராம் கலந்து வார்த்தால் படலம் பிசுபிசுவென்று இருக்கிறது. எங்கே தவறு?

பதில் (உலைக்கலன்): கணக்கிலிருந்து தொடங்குவோம். 6.8 ÷ 16 = 0.425 மோல் எபாக்சி. எல்லாம் கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு வளைய கார்பனேட்டானால் 18.7 கிராம் எடை கூட வேண்டும். 13 கிராம் என்றால் சுமார் 70%. இந்த எபாக்சி வளையங்கள் கொழுப்பமிலச் சங்கிலியின் நடுவில், இருபக்கமும் மறைக்கப்பட்டு இருப்பவை. சங்கிலியின் நுனியில் இருக்கும் எபாக்சியைப் போல வேகமாக வினைபுரியாது. சாதாரண அழுத்தத்தில் 70 மணி நேரம் வரை பிடிப்பது இயல்புதான்.

வினையூக்கியை எபாக்சி மோல்களில் 5 சதவீதமாக, அதாவது 6.9 கிராமாக உயர்த்துங்கள். ஆட்டோகிளேவ் (மூடிய அழுத்தக் கலன்) இருந்தால் 10 பார் போதும், நேரம் வெகுவாகக் குறையும். சூடானால் அழுத்தம் ஏறும் என்பதால் வெடிதகடும் (அழுத்தம் மிஞ்சினால் கிழிந்து திறக்கும் தகடு) நிவாரண வால்வும் இல்லாத கலனில் இதைச் செய்யவே கூடாது. குடுவையிலேயே தொடர்வதென்றால் நுண்துளைக் கண்ணாடி வடி வழியாக வாயுவை விட்டு, பலமாகக் கலக்குங்கள். பெரிய குமிழிகள் கரையாமலே மேலே போய்விடும்.

வேகம் வேண்டுமென்று 140 °செ தாண்டாதீர்கள். டிபிஏபி சிதைந்து டிரைபியூட்டைல் அமீன் வரும். மீன் வாடை அடித்தால் அதுதான். பழுப்பு நிறத்துக்கு அதுவும் காரணமாகலாம், உள்ளே புகுந்த காற்றும் காரணமாகலாம். சூடேற்றும் முன்பே வாயுவை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். டிபிஏபி ஈரத்தை உறிஞ்சும், உலர்த்தியே போடுங்கள். நீர் எபாக்சியைத் திறந்து டையாலாக்கிவிடும் (இரு ஹைட்ராக்சில் தொகுதிகள் கொண்டதாக்கிவிடும்), அது திரும்ப கார்பனேட் ஆகாது.

இன்னொரு பதில் (நிறமாலை): எடையை மட்டும் நம்ப வேண்டாம். அகச்சிவப்பு நிறமாலையில் 1800 செ.மீ⁻¹ அருகே புதிய கார்பனைல் உச்சி எழ வேண்டும், 825–845இல் எபாக்சி இரட்டை உச்சி மறைய வேண்டும். 1740 எண்ணெயின் எஸ்டர் உச்சி, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். எபாக்சி மறைந்தும் 1800 அந்த அளவுக்கு வளரவில்லை என்றால் பக்க வினைதான்.

பசைவேதி: அமீன் அளவு சரிதானே?

உலைக்கலன்: இல்லை, பிசுபிசுப்பின் முக்கியக் காரணமே அதுதான். 10.8 கிராம் என்பது முழுதும் மாறிய 100 கிராம் எண்ணெய்க்கான அளவு. உங்களுடையதில் கிராமுக்கு 2.6 மில்லிமோல் கார்பனேட்தான் இருக்கிறது, 7.9 கிராம் போதும். மிஞ்சும் அமீன் எஸ்டரைத் தாக்கி அமைடாக்கும். எண்ணெயின் மூலக்கூறான டிரைகிளிசரைடு துண்டாகி, வலைப்பின்னலே தளர்ந்துவிடும். மீந்த டிபிஏபியும் படலத்தில் ஈரம் இழுக்கும். எத்தில் அசிடேட்டில் கரைத்து வெந்நீரால் மூன்று முறை கழுவுங்கள். பால்போலக் கலங்கினால் உப்புநீர் விடுங்கள், பிரியும். பிறகு நீரற்ற சோடியம் சல்பேட், வெற்றிடத்தில் கரைப்பான் நீக்கம். அமீனைத் திறந்து வைக்காதீர்கள், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து வெண்ணிறக் கார்பமேட் படியும். 70 °செ-இல் இறுகத் தொடங்கவிட்டு, பிறகு 100க்கு ஏற்றுங்கள்.

நிறமாலை: இதைக் கார்பன் சேமிப்பு என்று விளம்பரப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. முழு மாற்றத்திலும் விளைபொருளின் எடையில் 16% அளவுதான் அந்த வாயு. பல மணி நேரச் சூடேற்றலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். வழக்கமாகத் தேவைப்படும் ஐசோசயனேட்டும், அதைத் தயாரிக்கப் பயன்படும் நச்சு வாயுவான பாஸ்ஜீனும் இல்லாமல் பாலியூரித்தேன் கிடைக்கிறதே, இந்த வழியின் பெறுமதி அங்கேதான்.